எர்மினியாவின் தண்ணீர்

சான் லாசரோ, காலாமா வழி
12 மார்ச் 1991

அன்புத் தங்கை எடெல்மிராவுக்கு,

இங்கே நானும் ரூத்தும் குழந்தை சோய்லாவும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உங்கள் தீவில் மழை விட்டதா என்று கேட்பது வீண் வேலை, அதனால் கேட்கவில்லை.

நம் தம்பி வந்து சேர்ந்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, நீ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டைக்குள் வெந்துபோய், "அண்ணே, யாரு இங்க அடுப்ப அணைக்க மறந்தது?" என்றான். லிசாந்த்ரோ மாறவே இல்லை. நீ கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கில் பாதியை பஸ்ஸில் வந்தவர்களுக்கே தானம் செய்துவிட்டான்.

வண்டி நன்றாக ஓட்டுகிறான். பாலைவனம்தான் அவனுக்குத் தெரியவில்லை. மலைமேல் இருக்கும் சின்னச் சின்னச் செம்புச் சுரங்கங்களுக்குச் சாமான் கொண்டுபோகிற எங்கள் தொழிலில் ஓட்டுவது பாதி, உயிரோடு திரும்புவது மீதி. எந்தத் தடத்தில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தேவைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நகரக் கூடாது. வண்டி தூரத்திலிருந்து தெரியும், மனிதன் தெரிய மாட்டான். இதையெல்லாம் சொன்னால், "கடல்லயும் இதேதான் அண்ணே. அங்க குடிக்க முடியாத தண்ணியாச்சும் இருக்கும்" என்று சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நீ. அவனைக் கண்டிக்க எனக்கு உரிமை உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். ரூத் உன்னை விசாரித்தாள்.

உன் அண்ணன்
நோல்பெர்த்தோ


கெம்சி, சிலோயே தீவு
9 ஏப்ரல் 1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். மூட்டுவலி மழையோடு வருகிறது, மழை போனால் போகும், மழை எங்கே போகிறது? உங்கள் மாப்பிள்ளை வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அண்ணியையும் சோய்லாக் குட்டியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உரிமை உண்டா என்றா கேட்கிறீர்கள்? அவனை அங்கே அனுப்பியதே அதற்குத்தான். இங்கே நாங்கள் எல்லோரும் அவன் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்தே அவனைக் கெடுத்துவிட்டோம். போன குளிர்காலத்தில் கரண்ட் போனபோது கோயிலுக்குப் போய் மாதா முன்னால் இருந்த மெழுகுவர்த்திகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். திட்டினால், "மாதாவுக்கு இருட்டுன்னா பயமாக்கா?" என்கிறான். பாதிரியார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

புனிதம் என்று எதுவும் அவனுக்குக் கிடையாது. அண்ணா, பயம் என்றால் என்னவென்று அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அடித்தாலும் நான் ஏனென்று கேட்க மாட்டேன்.

உங்கள் தங்கை
எடெல்மிரா


சான் லாசரோ
20 ஜூன் 1991

என் தங்கமான அக்காவுக்கு,

நான் சுகம். தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது, பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீயும் மாமாவும் நலமா? நாய் என்னைத் தேடுகிறதா, இல்லை அதுவும் என்னை மறந்துவிட்டதா?

ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன். உப்புவெளிக்குப் பாதை பிரிகிற இடத்தில் எர்மினியா என்கிறவளுக்கு ஒரு மாடம் இருக்கிறது. இடுப்பு உயரத்துக்குக் கல்லடுக்கி, மேலே தகரம் போட்டது. அந்தக் காலத்தில் நைட்ரேட் உப்புச் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு சுமந்துகொண்டு போனவளாம். வழி தவறி, தாகத்தில் செத்துப்போனாளாம். அதனால் அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு வண்டிக்காரனும் அவளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறான். அக்கா, இந்த ஊரில் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை!

எங்கள் தண்ணீர் பீப்பாய் சாமான்களுக்கு அடியில் இருந்தது. இறக்கச் சோம்பல். ஒரு பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "மகராசி, நல்லா இரு" என்றேன். திரும்பினால் அண்ணன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது.

"துப்புடா!"

"முழுங்கிட்டேனே அண்ணே."

"அது செத்தவ தண்ணிடா. அவ தொண்டையிலேர்ந்து புடுங்கிக் குடிச்சிருக்கே. அவ இதச் சும்மா விடமாட்டா."

வெயிலில் முழங்கால் போட வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். காலிப் பாட்டிலை நிரப்பித் திரும்ப வைத்தேன். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன், அது அவருக்குத் தெரியாது.

உன் உருளைக்கிழங்கு அப்பத்தைக் கனவில் சாப்பிடும்
லிசாந்த்ரோ


கெம்சி
15 ஜூலை 1991

கண்ணு லிசாந்த்ரோவுக்கு,

நாங்கள் நலம். நாய் உன் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது.

கடிதத்தைப் படித்து உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை (கொஞ்சம் சிரித்தேன்). ஆனால் செத்தவர்களோடு விளையாட்டு வேண்டாம். அந்த ஊர் அண்ணனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவர் செய்யாதே என்றால் செய்யாதே. எனக்குச் சத்தியம் செய்து எழுது. காது மூடுகிற தொப்பி அனுப்பியிருக்கிறேன், விடியற்காலையில் போட்டுக்கொள்.

அக்கா


சான் லாசரோ
11 செப்டம்பர் 1991

அன்பு அக்காவுக்கு,

சுகமா? தொப்பி வந்தது. அதை சோய்லா போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள்.

அவள் இப்போது நன்றாக இருப்பதால்தான் இதை எழுத முடிகிறது. போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். காலாமா ஆஸ்பத்திரியில் சேர்த்தும் இறங்கவே இல்லை, என்ன காய்ச்சல் என்று டாக்டருக்கும் பிடிபடவில்லை. அண்ணி அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் அண்ணன் என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, "நீ குடிச்ச தண்ணிக்கு இவ வேகுறாடா" என்றார்.

பதிலுக்கு ஒரு கேலிகூட எனக்கு வாயில் வரவில்லை அக்கா. என் வாழ்க்கையில் முதல் தடவை.

அன்றே இருவரும் எர்மினியாவிடம் போனோம். அண்ணன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, நான் முழங்காலிட்டுத் திருப்பிச் சொன்னேன். "உன் தண்ணியில ஒரு சொட்டு இனிமே தொட மாட்டேன். என்ன ஆனாலும் தொட மாட்டேன். தொட்டா அந்தக் குழந்தைய நீ எடுத்துக்க. இப்ப விட்டுடு." அந்த வாரமே காய்ச்சல் இறங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் மலிவான வேண்டுதல்தான். முழங்காலால் ஊர்ந்து போக வேண்டாம், மெழுகுவர்த்தி வாங்க வேண்டாம். எனக்குச் சொந்தமில்லாததைக் குடிக்காமல் இருந்தால் போதும். சோய்லா என்னை "தாடி சித்தப்பா" என்று கூப்பிடுகிறாள். நீ கேட்ட சத்தியமும் இதிலேயே அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் தம்பி
லிசாந்த்ரோ


சான் லாசரோ
22 டிசம்பர் 1991

எடெல்மிரா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

உங்கள் ஊர்க் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்ன செய்தி உனக்கு எப்படி வந்து சேர்ந்ததோ தெரியவில்லை. நீ வரும்வரை வைத்திருக்க இந்த வெயிலில் வழியில்லை. தம்பியை இங்கேயே அடக்கம் செய்தோம். ஊரே வந்தது.

நடந்தது இதுதான். மேல் சுரங்கத்துக்கு ஒரு பம்பு கொண்டுபோக வேண்டியிருந்தது. எனக்குக் காலாமாவில் வேலை இருந்ததால் தனியாக அனுப்பினேன். தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ரூத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனான். இங்கே மாவு மாதிரி ஒரு புழுதி உண்டு; மேலே பார்த்தால் தரை, சக்கரம் இறங்கினால் பள்ளம். வண்டி அதில் சாய்ந்திருக்கிறது. பம்பு உருண்டு தண்ணீர் பீப்பாயை உடைத்துவிட்டது.

வராததைப் பார்த்துத் தேடிக் கிளம்பினேன். கீழ்த் தடத்தில் புதிய டயர் அச்சு தெரிந்தது. அவன்தான் என்று நம்பி அந்தப் பக்கம் போனேன். அது வேறு யாருடையதோ. ஒரு முழுப் பகல் வீணாயிற்று. அந்தத் தவறு என்னுடையது, எடெல்மிரா. உப்புவெளிப் பக்கம் அவனைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

அவனுக்காக ஜெபம் செய். முடிந்தால் எனக்கும்.

நோல்பெர்த்தோ


கெம்சி
19 ஜனவரி 1992

அண்ணாவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதுவது பழக்கம். எழுதிவிட்டேன்.

டயர் அச்சைப் பார்த்து யாரும் ஏமாறலாம். அதை நினைத்து நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணியும் சோய்லாவும் எப்படி இருக்கிறார்கள்?

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். நிழல் இருந்ததா? முகம் எப்படி இருந்தது? வண்டியை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தீர்களே, உப்புவெளிப் பக்கம் ஏன் போனான்? அது எந்த இடம்?

எடெல்மிரா


சான் லாசரோ
28 பிப்ரவரி 1992

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். சோய்லா பள்ளிக்குப் போகத் தயாராகிறாள். சித்தப்பா எப்போது வருவார் என்று கேட்பதை இப்போதுதான் நிறுத்தினாள். மாப்பிள்ளைக்கு மீன்பாடு உண்டா?

அவன் துணிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று ரூத் சொன்னாள்.

அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறான். வண்டியின் நிழலில் படுத்திருக்கிறான். உபரி டயரை எரித்துப் புகை விட்டிருக்கிறான். கண்ணாடியைக் கழற்றி வெயிலில் காட்டியிருக்கிறான். யார் கண்ணிலும் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளிப் பாதையில் லாரிகள் போகும், அதை நினைத்து இருட்டியபின் நடந்திருக்கிறான். அதுவும் சரியான யோசனைதான். அந்த ஞாயிறு லாரி வரவில்லை. நான் மட்டும் கீழ்த் தடத்தில் போகாமல் இருந்திருந்தால்!

இடம் என்று என்ன சொல்வது? இங்கே எல்லாம் ஒரே மாதிரிதான். பெயரில்லாத இடம். முகம் அமைதியாக இருந்தது.

அண்ணன்


கெம்சி
3 மே 1992

அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துக்கொண்டது.

சட்டையைத் துவைக்கவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

சின்ன வயதிலிருந்து உங்களைத் தெரியும். கண்ணாடிக் கோப்பையை உடைத்ததை மறைக்க, பழைய தட்டை உடைத்தது நான்தான் என்று அப்பாவிடம் சத்தமாக ஒத்துக்கொள்வீர்கள். இரண்டு கடிதத்திலும் டயர் அச்சைப் பற்றி அப்படித்தான் சத்தம் போடுகிறீர்கள். அந்தப் பாலைவனத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் சொல்கிறவர் நீங்கள். தம்பி செத்த இடத்துக்கு மட்டும் பெயர் இல்லையா?

வேண்டுதலைப் பற்றி லிசாந்த்ரோ எனக்கு எழுதியிருந்தான். நீங்கள் சொல்லச் சொல்ல அவன் சொன்ன வார்த்தைகளையும் எழுதியிருந்தான்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவன் கிடந்த இடத்திலிருந்து எர்மினியாவின் மாடம் எவ்வளவு தூரம்?

எடெல்மிரா


சான் லாசரோ
30 மே 1992

எடெல்மிரா,

தூரமே இல்லை. அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுபாவி நான்.

வண்டியைக் கண்டபோது அவன் அங்கே இல்லை. எந்தப் பக்கம் போனேன் என்று கல்லை அடுக்கி அம்பு போட்டு வைத்திருந்தான், நான் சொல்லிக் கொடுத்தபடியே. அம்பு எர்மினியாவின் பக்கம் காட்டியது. எடெல்மிரா, நான் சிரித்தேன். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். 'பொழச்சுட்டான் பய, அங்க வேணுங்கற அளவு தண்ணி இருக்கே' என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தேன். பாதி வழியில்தான் அந்த வேண்டுதல் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

காற்றில் சாய்ந்து கிடந்த பாட்டில்களை எல்லாம் நிமிர்த்தி வரிசையாக வைத்திருந்தான். ஒன்று அவன் மடியில் இருந்தது. குளிர்ச்சிக்காகக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பான். மூடி திறக்கவில்லை.

அவன் எதையும் நம்பாதவன். அவன் குடிக்காமல் இருந்தது எர்மினியாவை நம்பி இல்லை. என் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அந்தப் பயம் நான் கொடுத்தது.

இதை உனக்கு எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. மாடத்தின் வழியாக இப்போது நான் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். நீ என்ன எழுதினாலும் சரி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நோல்பெர்த்தோ


கெம்சி
12 அக்டோபர் 1992

அண்ணா,

எழுத முடியவில்லை. நான்கு மாதமும் தினமும் உங்களைத் திட்டினேன். திட்டி முடித்தபின் உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் உங்களுக்கு என்ன எழுதினேன் என்பதும் ஞாபகம் வந்தது. பயம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுங்கள் என்று கேட்டவள் நான். செய்யாதே என்றால் செய்யாதே என்று அவனிடம் சத்தியம் கேட்டவளும் நான். அதில் பாதி என்னுடையது. உங்களிடமே முழுசாக விட்டு வைக்க எனக்கு மனமில்லை.

பஸ் டிரைவர் கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர். கல்லறைத் திருநாளன்று அதை மாடத்தில் வையுங்கள். மூடியைத் தளர்த்தி வையுங்கள், கை நடுங்குகிறவனும் திறக்கிற மாதிரி. யாரும் குடிக்கலாம் என்று பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

பிறகு அவளுடைய பாட்டில் ஒன்றை எடுத்து நீங்கள் குடிக்க வேண்டும். சோய்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். பயமாக இருக்கும், தெரியும். இவ்வளவு வருஷமாக அந்த வழியே போகிறீர்களே அண்ணா, தாகத்தில் செத்தவள் இன்னொருத்தன் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவாளா? இதை ஒரு நாளாவது யோசித்தீர்களா?

குடித்துவிட்டு எழுதுங்கள்.

எடெல்மிரா


சான் லாசரோ
15 நவம்பர் 1992

அன்புத் தங்கைக்கு,

உன் மூட்டுவலிக்கு ரூத் ஒரு பச்சிலைத் தைலம் அனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனோம். உன் மழையை வைத்தேன், மூடியைத் தளர்த்தினேன். தகரத்தில் சிவப்பு பெயின்டால், "தாகமா இருந்தா குடி. யாரா இருந்தாலும் குடி" என்று எழுதி மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாரிக்காரன் நிறுத்தினான்.

"என்னய்யா, எர்மினியா நேர்ல வந்து சொன்னாளா?"

"என் தங்கச்சி சொன்னா."

அவன் தொப்பியைக் கழற்றினான். யாருடைய அண்ணன் நான் என்பது அவனுக்கும் தெரியும். தான் வைக்க வந்த பாட்டிலின் மூடியையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

நான் ஒரு பாட்டிலை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். முடியவில்லை, எடெல்மிரா. இவ்வளவுக்குப் பிறகும் எனக்குக் காய்ச்சலில் கொதித்த குழந்தையின் நெற்றிதான் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது.

"அப்பா, தாகமா இருக்கு. நீ குடிக்கலன்னா எனக்குக் குடு" என்று சோய்லா என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டாள். தட்டிவிடக் கை எழுந்தது. பிடித்துக்கொண்டேன். பாதியைக் குடித்துவிட்டு, "சூடா இருக்கு, ஆனா நல்லா இருக்கு. இந்தா" என்று மீதியை நீட்டினாள். நான் முழங்கால் போட்டுக் குடித்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் எழுவதற்கு முன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். இதை எழுதும்போதுகூட முற்றத்தில் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எடெல்மிரா. ஒன்றுமே ஆகவில்லை. அவன் குடித்திருக்கலாம்.

அண்ணன்
நோல்பெர்த்தோ